இருபத்திரண்டு கட்டும் ஒரு கொலையும்

புதிதாக விதானைப் பதவிக்கு வந்திருக்கிற தம்பிமாரே, அரசாங்கக் கச்சேரியில் உங்களுக்கு ஒரு சட்டப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். ஊரில் கொலை நடந்தால் விதானை என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் இருக்கிறது. கொலை என்ற சொல்லைக் கேட்டதும் விதானையின் வயிறு என்ன செய்யும் என்று அதில் இல்லை. விடுபட்ட அந்தப் பக்கத்தைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எனக்கு வயது ஐம்பத்துநான்கு. முழங்கால் சம்மதிக்காததால் பதவியை விட்டேன். வாய் இன்னும் பதவியில்தான் இருக்கிறது. இந்தக் கதை நடந்தபோது நான் விதானையாகி எட்டு மாதம். பொலிஸ்காரர் எல்லோரும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். ஊரில் மாடு களவு போனாலும் மனிசன் செத்தாலும் முதலில் ஓடி வர வேண்டியவன் விதானை. அதுவரை மாடுதான் களவு போயிருந்தது. அதனால் என்னை நானே கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன்.

அன்று எங்கள் கோயில் தேர். ஊரே கோயிலில். தேர் சுற்றி முடிந்து இருப்பிடத்துக்கு வந்து, நான் இலைக்கு முன் குந்தி முதல் கவளத்தை உருட்டுகிறேன், வேலுப்பிள்ளையரின் மனைவி தலைவிரி கோலமாக ஓடி வந்தா.

"விதானையார், என்ரை மனிசனை வெட்டிப் போட்டாங்கள்."

உருட்டிய கவளத்தை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்தில் இருந்தவர் பிறகு சொன்னார், அவருடைய இலையில் வைத்தேனாம்.

வேலுப்பிள்ளையர் புகையிலைக்காரர், வாய்க்காரர். பின்வளவில் அவருக்கு அயல் கந்தையர். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. அந்த வேலி ஒரு சாண் இங்கே வந்துவிட்டதா அங்கே போய்விட்டதா என்பதில் இருவருக்கும் ஏழு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் பகுதியில் இது ஒரு செய்தியே அல்ல. வேலிக்காகக் கதையாமல் விட்டவர்களை எண்ணப் போனால் ஊரில் கதைக்க ஆள் மிஞ்சாது.

போய்ப் பார்த்தேன். வேலுப்பிள்ளையரின் பின்வளவில், வேலியோரம் மண்ணெல்லாம் இரத்தம். பாதி கிழிந்த சால்வை ஒன்று, இரத்தத்தில் தோய்ந்தபடி. பக்கத்தில் கத்தி, அதிலும் இரத்தம். சொட்டுச் சொட்டாக இரத்தம் படலை வாசலால் வெளியே போய், ஒழுங்கைச் சந்தால் வளைந்து, நேரே கந்தையரின் படலைக்குள் போயிருந்தது. ஆளை மட்டும் காணவில்லை.

"காலமை என்ன சொன்னவர்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நீங்கள் எல்லாரும் தேருக்குப் போங்கோ, நான் நிண்டு இந்தப் பொட்டை அடைக்கப்போறன் எண்டவர். தனிய அடைக்கிறன் எண்டவர்."

பொட்டு என்றால் வேலியில் ஓலையை விலக்கி ஆள் நுழைகிற வழி. புருஷன்மார் கதையாமல் இருந்த ஏழு வருடமும் பெண்சாதிமார் அந்தப் பொட்டால்தான் கறியும் நெருப்பும் கொடுத்து வாங்கினார்கள். புருஷன்மாருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள்.

பொட்டைப் பார்த்தேன். புது ஓலை வைத்து அடைத்திருந்தது. "பொட்டு அடைபட்டிருக்கிறது" என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுதும்போது முதுகை எங்கே சாத்தினேன் தெரியுமா? அந்த வேலியிலேயே. இந்த வழக்கின் முழு விடையும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கந்தையரைத் தேடிப் போனால் அவர் மாட்டு வண்டிலைக் கழுவிக்கொண்டு நிற்கிறார். தேர் நாளில், மத்தியானத்தில், வண்டில் கழுவுகிறார். வேட்டியில் இரத்தம். வண்டில் வைக்கோலிலும் இரத்தம்.

"கந்தையர், வண்டிலிலை எங்கை போனனீர்?"

"புல்லு வெட்ட."

"புல்லு எங்கை?"

அவர் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கேயும் புல் இல்லை.

"வேலுப்பிள்ளையர் எங்கை?"

"எனக்கொண்டும் தெரியாது."

திரும்ப வண்டிலைக் கழுவத் தொடங்கினார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டு விறாந்தையில் இருத்தினேன். வேலுப்பிள்ளையரின் மைத்துனன்மார் மூன்று பேர் பொல்லுத்தடியோடு ஒழுங்கையில் நிற்கத் தொடங்கினார்கள். நான் உடுப்பை மாற்றிக்கொண்டு மேலதிகாரியான மணியகாரனுக்கு அறிக்கை எழுத இருந்தேன். பயத்தில் "காலஞ்சென்ற" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். அதைக் கிழித்துப்போட்டு, வேலுப்பிள்ளையர் கந்தையரால் கொல்லப்பட்டார், உடல் வண்டிலில் கொண்டுபோய் ஒளிக்கப்பட்டது என்று இரண்டாவது தாளில் அழுத்தமாக எழுதினேன். தம்பிமாரே, பயந்தவனின் எழுத்து எப்போதும் அழுத்தமாகத்தான் இருக்கும். சைக்கிளில் ஆள் போய்க் கொடுத்தது. நாளை மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார், ஆளைக் கொண்டுபோவார் என்று பதில் வந்தது. கொண்டுபோனால் பிறகு நீதிமன்றம். அதற்குப் பிறகு கயிறு. அந்தக் கயிற்றின் முதல் முறுக்கு என் கையெழுத்து.

கந்தையர் விறாந்தையில் இருந்து என் மனிசியின் சோற்றைச் சாப்பிட்டார். மனிசி உள்ளே வந்து சொன்னா:

"இஞ்சாருங்கோ, கொலை செய்த மனிசன் இப்பிடி மூண்டாந்தரம் மோர் கேப்பாரோ?"

"அது கல்நெஞ்சு," என்றேன்.

"கல்நெஞ்சுக்காரருக்கு உப்புக் குறைஞ்சது தெரியுமோ? அதையும் சொன்னவர்."

மறுநாள் காலை நான் கந்தையர் வீட்டுக் கிணற்றை இறைக்கச் சொன்னேன். உடல் அதற்குள் இருக்கலாம் என்று என் மூளை சொன்னது. வண்டிலில் கொண்டுபோன உடல் வீட்டுக் கிணற்றுக்குள் எப்படி வரும் என்று மூளையைக் கேட்கவில்லை. தண்ணீர் வற்ற வற்ற நான் கிணற்றுக்கட்டின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, உருண்டையாக ஒன்று மிதந்தது.

"தலை," என்றேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கண் விழித்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். என் நெஞ்சில் ஒரு பழைய தேங்காய் வைத்திருந்தது. தலைமாட்டில் குடையோடு றேச்சலம்மா நின்றா.

றேச்சலம்மா கிறிஸ்தவ மிசனில் ஊழியம் செய்கிற உபதேசியம்மா. தேவாலயப் பீடத்தில் நின்று பிரசங்கம் பண்ண மிசனில் பெண்ணை விடமாட்டார்கள். அதனால் அவ தன் பிரசங்கத்தை அடுப்படிக் குசினிகளில் வைத்துக்கொண்டா. வெள்ளைச் சேலை, துணிப்பை, கறுப்புக் குடை. பன்னிரண்டு வருடமாக எங்கள் சைவ ஊரில் வீடு வீடாகப் போகிறா. ஒருவரும் வேதத்தில் சேரவில்லை. ஆனால் அவவுக்குக் கோப்பி கொடுக்காத வீடும் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிப்பா, தையல் காட்டுவா, கடிதம் வாசிப்பா, செவ்வாய்க்கிழமைகளில் மிசன் ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்காகச் செபம் பண்ணுவா.

"தம்பி விதானையார்," என்றா, "தேங்காயை விசாரிச்சு முடிஞ்சுதெண்டால் எழும்புங்கோ. என்ரை வழியை ஆரோ அடைச்சுப்போட்டினம். அதைப்பற்றிக் கதைக்க வேணும்."

"இஞ்சை ஒரு கொலை நடந்திருக்கு அம்மா."

"அதைப்பற்றியுந்தான்."

நான் வேலுப்பிள்ளையர் வளவுப் பக்கம் திரும்பினேன். அவ என்னைக் கந்தையர் வளவுப் பக்கத்து வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனா. வேலியின் அந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. காரணம், அங்கே கந்தையரின் வெள்ளைக் காளை கட்டியிருந்தது. அறிக்கையில் இதை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

றேச்சலம்மா குடை நுனியால் பொட்டைத் தொட்டுத் தொட்டு எண்ணினா. "இருபத்திரண்டு கட்டு. இருபத்திமூண்டாவது பாதியிலை நிக்குது, பாத்தீங்களோ, கயிறு தொங்குது. விதானையார், வேலி அடைச்சிருக்கிறீங்களோ?"

"ஆள் விட்டு அடைப்பிச்சிருக்கிறன்."

"எத்தனை ஆள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேலி அடைக்கிறதற்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவன் இந்தப் பக்கம் நின்று குத்தூசியை, அந்த முழ நீள மர ஊசியை, ஓலைக்குள்ளால் குத்தி அனுப்புவான். மற்றவன் அந்தப் பக்கம் நின்று ஊசிக் காதில் கயிற்றைக் கோத்துவிடுவான். இவன் இழுப்பான். ஒரு கட்டு. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விதானைக்கும் தெரியும், ஆனால் பதவி ஏறினால் சில விஷயங்கள் இறங்கிவிடும்.

"அவர் தனிய அடைக்கிறன் எண்டுதானே மனிசிக்குச் சொன்னவர்," என்றேன்.

"தனிய எண்டால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒழுங்கையாலை சுத்தி இந்தப் பக்கம் வந்து கயிறு கோத்துப்போட்டு, திரும்பச் சுத்திப் போக வேணும். இருபத்திரண்டு தரம். அப்பிடி நடந்திருந்தால் மனிசன் தேருக்கு முன்னமே கொழும்பிலை நிப்பார்."

பொட்டின் கீழே, கந்தையரின் பக்கத்தில், குந்தி இருக்க ஒரு பலகை போட்டிருந்தது. சுற்றிவர வெற்றிலைத் துப்பல். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பாக்குவெட்டி கிடந்தது. பிடியில் பித்தளைக் கிளி. றேச்சலம்மா அதை எடுத்து வேலிக்கு மேலால் நீட்டினா. அந்தப் பக்கம் நின்ற வேலுப்பிள்ளையரின் மனைவியைக் கேட்டா:

"பிள்ளை, இது ஆற்றை?"

"ஐயோ அம்மா, எங்கடையெல்லோ. அவர் ஒருத்தருக்கும் குடாத சாமான். உது எப்பிடி அங்கை வந்தது?"

றேச்சலம்மா என்னைப் பார்த்தா. எங்கள் ஊரில் பகையாளியின் கையால் வெற்றிலை வாங்குகிறவன் இல்லை. ஏழு வருடம் முகம் பாராதவர்கள் வேலிக்கு இரண்டு பக்கமும் குந்தி, பாக்குவெட்டியை ஓலைக்குள்ளால் மாறி மாறிக் கொடுத்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள்.

"அப்ப இது இன்னும் மோசம்," என்றேன் நான். "சமாதானமாகி, பக்கத்திலை இருத்தி, நம்பவைச்சு வெட்டியிருக்கிறான்."

தம்பிமாரே, அறிக்கை அனுப்பிய விதானை ஒருவன் தன் அறிக்கையைக் காப்பாற்ற எவ்வளவு தூரமும் போவான். எச்சரிக்கை.

றேச்சலம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "இருக்கலாம். ஆனால் பலகை இருக்கு, ஓலை இருக்கு, கயிறு இருக்கு, கத்தி இருக்கு. குத்தூசி எங்கை, விதானையார்?"

இரண்டு பக்கமும் தேடினோம். காளை என்னைப் பார்த்தது, நான் காளையைப் பார்த்தேன். குத்தூசி எங்கும் இல்லை.

என் வீட்டு விறாந்தைக்கு வந்தோம். பொல்லோடு நின்ற மைத்துனன்மார் றேச்சலம்மாவுக்கு வழி விட்டார்கள். கந்தையர் தூணில் சாய்ந்து இருந்தார். அவ முன்னால் வாங்குப் பலகையில் இருந்து, குடையை மடியில் வைத்து, காய்ச்சல் விசாரிக்கிற குரலில் கேட்டா:

"கந்தையர், வலப்பக்கமோ, இடப்பக்கமோ?"

கந்தையரின் கை தானாக எழும்பி அவருடைய இடது கன்னத்தைத் தொட்டது. பிறகுதான் அவருக்கு விளங்கியது. கையை மற்றக் கையால் பிடித்துக் கீழே இறக்கினார்.

"சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன் அம்மா. வாய் திறக்க மாட்டன்."

"நீங்கள் எங்கை திறந்தனீங்கள். கைதானே சொன்னது." எழும்பினா. "விதானையார், கந்தையரின்ரை வண்டிலைப் பூட்டுங்கோ. மிசன் ஆஸ்பத்திரி ஆறு மைல். மூண்டு மணிக்கு முதல் திரும்ப வேணும்."

"ஏன் அங்கை? எங்கடை ஊர்ப் பரியாரியார் இருக்கிறாரே."

"பரியாரியாரிட்டைப் போனால் மருந்து கட்ட முதல் கதை ஊர் முழுக்கக் கட்டுப்பட்டிடும். ஒளிக்கிறவன் அங்கை போவானோ?"

இரத்த வைக்கோல் மேல், நானே சான்றுப் பொருள் என்று எழுதிய வண்டிலில், நான் மாடு ஓட்ட, உபதேசியம்மா குடை பிடித்து வர, ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. வழியில்தான் அவ மிச்சத்தைச் சொன்னா. குரலைத் தாழ்த்தி, மாட்டுக்கும் கேட்காதபடி.

வேலுப்பிள்ளையரின் மகள் பவளம். கந்தையரின் மகன் இராசரத்தினம், வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பெடியன். பெண்சாதிமார் கறி கொடுத்த பொட்டால் கொஞ்ச நாளாகக் கடிதமும் போய்வந்திருக்கிறது.

"பவளத்துக்கு எழுதப் படிப்பிச்சது நான்தான்," என்றா. "என்ன எழுதுறது எண்டு படிப்பிக்கேல்லை. அது தானாய் வந்திட்டுது."

தகப்பன்மார் இரண்டு பேருக்கும் ஒரே கிழமையில் தெரியவந்திருக்க வேண்டும் என்பது அவவின் கணிப்பு. பவளத்துக்குக் கரவெட்டிப் பக்கத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. வெளியே தெரிந்தால் பெண்ணின் பெயர் போய்விடும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பகையாளிகள் இருவரும் ஒன்றுபட்டு, ஒருவரும் இல்லாத தேர் நாளாகப் பார்த்துப் பொட்டை அடைக்க வந்திருக்கிறார்கள்.

"அதாலைதான் கந்தையர் வாய் திறக்கேல்லை," என்றா. "சொல்ல வெளிக்கிட்டால் ஏன் சேர்ந்து அடைச்சனீங்கள் எண்ட கேள்வி வரும். பகையாளியின்ரை பிள்ளைக்காக அந்த மனிசன் உங்கடை விறாந்தையிலை தூக்குக் கயித்துக்குக் காத்துக்கொண்டு இருக்கிறார். நீங்கள் கல்நெஞ்செண்டு எழுதியிருப்பீங்கள்."

அதை நான் எழுதியிருந்தேன். "கல்நெஞ்சன்" என்று, கீழே கோடு போட்டு.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு எழுத்தர் பெரிய புத்தகத்தோடு இருந்தார். உள்ளே போக என் பெயரைக் கேட்டார்.

"கதிரேசு. விதானை," என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கதிரேசு விதானையார் ஏழாம் கட்டிலிலை இருக்கிறாரே. நேற்றுத்தான் கன்னத்திலை தையல் போட்டது."

கந்தையர் வேலுப்பிள்ளையரைக் கொண்டுவந்து இறக்கியபோது பெயர் கேட்டிருக்கிறார்கள். உண்மைப் பெயரைச் சொல்ல முடியாது. அந்த அவசரத்தில் அவர் மனதில் இருந்த ஒரே பெயர், எந்த நேரமும் வந்துவிடுவானோ என்று அவர் பயந்துகொண்டிருந்த ஆளின் பெயர். ஊரில் ஒருவராவது என்னை நினைத்துப் பயந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை.

ஏழாம் கட்டிலில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. நடுவில் இரண்டு கண். என்னைக் கண்டதும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தது. பெயரைக் களவெடுத்ததற்குப் பிடிக்க வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். நான் போர்வையை விலக்கி, அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அந்தக் காலைக் கட்டிப்பிடித்து அழுதேன். நோயாளிகள் எல்லோரும் எழும்பி இருந்து பார்த்தார்கள். தம்பிமாரே, உத்தியோகத்தில் நான் சிந்திய ஒரே கண்ணீர் அது, சிந்திய இடம் வேலுப்பிள்ளையரின் பெருவிரல்.

வேலுப்பிள்ளையரால் கதைக்க முடியாது. கட்டிலடியில் ஒரு சிலேட்டு இருந்தது. எடுத்து எழுதி றேச்சலம்மாவிடம் நீட்டினார்.

"வேலி முடிஞ்சுதோ?"

"முடியேல்லை," என்றா அவ. "ஒரு கட்டு மிச்சம்."

அவர் திரும்ப எழுதினார். "கந்தையன் அவசரக்காரன். நான் முகத்தை விலக்க முதல் குத்திப்போட்டான்." தலையணைக்குக் கீழிருந்து, கன்னத்தோடு கூட வந்த குத்தூசியை எடுத்துக் காட்டினார். சால்வையைக் கத்தியால் கிழித்துக் கட்டுப் போட்டு, ஒழுங்கையால் நடத்திக் கொண்டுபோய் வண்டிலில் ஏற்றினதெல்லாம் கந்தையர்தான். கத்தியில் இரத்தம் வந்த வழி அது.

இரண்டரை மணிக்குக் கொலையுண்டவரை வண்டிலில் கொண்டுவந்து ஊரில் இறக்கினேன். வைத்தியர் ஒரு நாளைக்கு விட்டிருந்தார், காயத்துக்கு மண் படக்கூடாது என்ற கட்டளையோடு. மனைவி ஓடிவந்து புருஷனைக் கட்டிப்பிடித்தா. மூத்த மைத்துனன் பொல்லை ஊன்றிக்கொண்டு நின்று, கடைசியில் கந்தையரைப் பார்த்து, "அண்ணை, மோர் குடிச்சனீங்களோ?" என்று கேட்டான். அதைவிட நல்ல மன்னிப்பு எங்கள் ஊரில் வழக்கத்தில் இல்லை.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் நான் புது அறிக்கை எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன். இரண்டு பேர் வேலி அடைத்தார்கள், குத்தூசி கன்னத்தில் பட்டது. சரி. அடைத்ததற்குக் காரணம்? அங்கே கை நின்றுவிட்டது. பொய் எழுதினால் பதவி போகும். உண்மை எழுதினால் பெண்ணின் பெயர் போகும்.

"அம்மா, காரணம் எண்ட இடத்திலை என்னத்தை எழுதுறது?"

றேச்சலம்மா கோப்பி குடித்துக்கொண்டிருந்தா. "வேலி பழசு எண்டு எழுதுங்கோ. வேலி பழசுதானே."

எழுதினேன். என் உத்தியோக காலத்தில் நான் எழுதிய மிகச் சிறந்த வரி அது. இன்ஸ்பெக்டர் வாசித்தார், துணிப் பொட்டலத்தைப் பார்த்தார், தேர்ச் சோறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரிப் புத்தகத்திலை என்ரை பேர் கிடக்குதே அம்மா, திருத்த வேண்டாமோ?" என்று பிறகு கேட்டேன்.

"திருத்தப் போனால் ஏன் பேர் மாறினது எண்டு கேப்பினம். கிடக்கட்டும். உங்களுக்கு ஒரு காயந்தானே, நோகாத காயம்."

ஊர் முழுக்க வேலுப்பிள்ளையரும் கந்தையரும் தேர் நாளில் சமாதானமானார்கள் என்று கொண்டாடியது. கொண்டாடிய பிறகு அவர்களால் திரும்பக் கோபிக்க முடியவில்லை. முயன்று பார்த்தார்கள். சனம் விடவில்லை. கரவெட்டிச் சம்பந்தம் எதனாலோ தளர்ந்தது. அடுத்த வருடம் அதே பொட்டின் இரண்டு பக்கமும் இரண்டு சம்பந்திகளும் கத்தியோடு நின்று, எந்தக் கட்டை முதலில் அறுக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டே, இருபத்திரண்டு கட்டையும் அறுத்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் மேளதாளத்தோடு ஒழுங்கையால் சுற்றித்தான் போனது. றேச்சலம்மா மட்டும் குடையை மடக்கிக்கொண்டு பொட்டால் போய், எல்லோருக்கும் முன்பே பெண் வீட்டில் இருந்தா.

போன மாதம் முழங்காலுக்காக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் அதே எழுத்தர், தலை நரைத்திருந்தது. பெயரைச் சொன்னேன். பழைய புத்தகம் ஒன்றை எடுத்து விரலால் தேடினார்.

"முந்தியும் ஒருக்கா வந்திருக்கிறீங்கள். இடது கன்னத்திலை ஊசிக் காயம், ஏழு தையல்." எழும்பி வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என் கன்னத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். "அட, தழும்பே தெரியேல்லை."

"ஓம்," என்றேன். "நல்ல கைராசிக்காரர் தைச்சவர்."